வளையலை உடைத்தது நான்தான்

ரகு,

நந்தினியின் கையிலிருந்த வளையல்களை நான் உடைத்தேன் என்று நம் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மை. புருஷன் இல்லாதவள் ஒரு நிறைமாதக்காரியின் வளைகாப்பு வளையலை உடைத்தாள், அதனால்தான் குழந்தை தங்கவில்லை என்றும் சொல்கிறார்கள். அது பொய். நிறைமாதம் என்பதும் பொய். அவளுக்கு ஏழாம் மாதமே முடிந்திருக்கவில்லை. தெருவுக்குப் பதில் சொல்லும் வழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. ஆனால் சுதாவின் அம்மா இதே பேச்சை உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசியதாகவும், நீ மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றும் கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதிலிருந்து நீ சேலையூர் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பெருங்களத்தூரிலிருந்து இங்கே வர ஸ்கூட்டரில் அரை மணி நேரம்கூட ஆகாது. இந்தத் தூரத்துக்குத் தபால் எழுதுவது விநோதம்தான். ஃபோனில் பேசினால் என் குரல் உயரும், நீ வைத்துவிடுவாய். காகிதம் அப்படி நடுவில் அறுந்துபோகாது.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும், இருந்தாலும் படி. கலா நம் வீட்டில் சமைக்க வந்தபோது நந்தினி இடுப்புக் குழந்தை. உன் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார். மணமேடையில் சுதாவின் புடவைத் தலைப்பைப் பிடித்தபடி, முன்பல் இரண்டும் விழுந்து, பச்சைப் பட்டுப்பாவாடையில் சிரித்துக்கொண்டு நிற்கும் குழந்தை அவள்தான். அந்தப் பாவாடை சுதா எடுத்துக்கொடுத்தது. அந்தப் பெண்ணைத்தான் போன வருஷம், பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு, கலா தன் அண்ணன் மகனுக்குக் கோவிலில் வைத்துக் கட்டிக்கொடுத்தாள். அவன் கூடுவாஞ்சேரியில் செல்ஃபோன் கடையில் வேலை பார்க்கிறவன். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். சந்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள், அப்பன் இல்லாத பெண்ணை எத்தனை நாள் காப்பாற்றுவது என்று கலா அழுதாள். எனக்கு அழைப்பு வரவில்லை. வந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா என்று என்னை நானே கேட்டுப் பார்க்கிறேன். நிறுத்தியிருப்பேன் என்று சட்டென்று பதில் வரவில்லை.

அவள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்று சாயங்காலம் நீங்கள் இருவரும் இங்கே இருந்தீர்கள். சுதாவுக்கு மூன்றாவது முறை சிகிச்சை பலிக்காமல் போன மாதம் அது. டாக்டர் அவளிடம் என்ன சொன்னார் என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். பெண் பிறக்கும்போதே அவள் முட்டைகள் அத்தனையும் அவளோடு பிறக்கின்றன, அவளுக்கு வயதாக ஆக அவற்றுக்கும் வயதாகிறது, முப்பத்தைந்துக்கு மேல் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும் என்று. உன்னைப் பற்றியும் சொன்னார். ஆணுக்கும் வயது கணக்கில் வரும், உன்னுடைய சோதனை முடிவும் அத்தனை சிலாக்கியமாக இல்லை என்றார். அதை நீ உன் மாமியாரிடம் சொல்லவில்லை. குறை முழுவதும் சுதாவுடையது என்றுதான் அந்த வீட்டில் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைத் திருத்த வேண்டியவன் நீ. அன்று கலா வெட்கமும் கவலையுமாகச் செய்தியைச் சொன்னபோது நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “இவளுக்குக் கேக்காமலே வந்துடுச்சு” என்றாய். கலா சுதாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “சுதாக்கா, இது இன்னா புள்ளய வளக்கற வயசா இதுக்கு? இது பெத்துக் குடுக்கட்டும். நீங்க வளங்க” என்றாள். பணம் என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. கலாவின் பிரியத்தை நான் சந்தேகிக்கவில்லை. சுதா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நந்தினி அடுப்படி வாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கும் ஒரு பேரக்குழந்தை வேண்டியிருந்தது, ரகு.

வயது பதினாறு என்று சொன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து போலீஸுக்குத் தகவல் போகும் என்று கலாவின் அண்ணி பயமுறுத்தி வைத்திருந்தாள். அதனால் ஒரு சின்ன கிளினிக்கில் பத்தொன்பது என்று சொன்னார்கள். இரண்டாம் முறை போனபோது அங்கே ஆதார் கேட்டார்கள். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. இரும்புச்சத்து மாத்திரையைக் கடையில் வாங்கிக்கொடுத்தால் போதும் என்று முடிவாயிற்று. இதெல்லாம் எனக்குத் தெரியும். பால்காரர் எழுதும் துண்டுச்சீட்டில் எழுத்துப் பிழை இருந்தால்கூடத் திருத்திக்கொடுப்பவள் என்று நீயும் உன் அப்பாவும் என்னைக் கேலி செய்வீர்கள். அப்படிப்பட்டவள் ஒரு பெண்ணின் வயதைத் தப்பாகச் சொல்ல விட்டேன்.

கார்த்திகை கடைசியில், ஏழாம் மாதம் தொடங்கியதும், நம் கூடத்தில் வளைகாப்பு நடந்தது. இடம் கொடுத்தது நான். மஞ்சள் குங்குமம் எடுக்கும் இடத்தில் நான் நிற்கக் கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானாகவே அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்த்தேன். வளையல்காரர் கொண்டுவந்த அளவுகளில் மிகச் சிறியதை எடுத்துப் போட்டும் அது அவள் கையில் நிற்கவில்லை. கையைத் தூக்கினால் முழங்கை வரை ஓடியது, இறக்கினால் விரல் வழியே நழுவியது. “பள்ளிக்கூடப் பிள்ளைங்க அளவு வீட்ல கிடக்குது, எடுத்தாரட்டா?” என்று அவர் கேட்டார். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். “புள்ளத்தாச்சிக்கு யாருய்யா ஸ்கூல் வளையல் போடுவாங்க, கம்முனு இரு” என்று கலாவின் அண்ணி அவரை அடக்கினாள். பிறகு வழக்கப்படி, குழந்தை வேண்டுபவளையும் அதே மணையில் உட்கார வைக்க வேண்டும் என்று சுதாவைக் கூட்டிவந்து நந்தினியின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நந்தினியின் கையிலிருந்து ஒரு ஜோடியைக் கழற்றி சுதாவுக்குப் போடப் பார்த்தார்கள். சுதாவின் கைக்கு அது ஏறவே இல்லை. நாற்பத்தொரு வயதுக் கையும் பதினாறு வயதுக் கையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பார்த்த மாத்திரத்தில் எவருக்கும் புரிந்திருக்க வேண்டும். நீ ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தாய்.

அதன் பிறகு மார்கழி முழுவதும் அவள் தன் அம்மாவோடு பகலில் இங்கேதான் இருந்தாள். ஓடிக்கொண்டிருந்த வளையல்கள் ஒரு நாள் ஓடுவதை நிறுத்தின. இரண்டொரு வாரத்தில் கையில் பதிந்து, தோலில் கோடு விழ ஆரம்பித்தது. முகம் உப்பியது. நான் உற்றுப் பார்ப்பதைக் கவனித்து, “இன்னாம்மா அப்டி பாக்கறீங்க? பொண்ணு இப்பதான் பூசினாப்ல கீது. மூஞ்சில களை வந்துகீது பாருங்க” என்றாள் கலா. சுதாவின் அம்மாவும் அன்று வந்திருந்தார். “ஏழு மாசத்துல கொஞ்சம் வீங்கறது சகஜம் சம்பந்தி. சுதா வயித்துல இருக்கறப்போ எனக்கு செருப்பே நுழையலை” என்றார். கிளினிக்குக்குப் போய் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வரலாம் என்று நான் சொன்னேன். பொங்கல் கழியட்டும் என்றார்கள். நான் இன்னொரு முறை சொல்லவில்லை. சுதாவின் அம்மா எதிரில் நான் என்ன சொன்னாலும் மாமியார்த்தனம் என்று ஆகிவிடுமோ என்று கௌரவம் பார்த்தேன்.

இங்கே நிறுத்தி, உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். உனக்கு முன்னால் ஒன்று தங்கவில்லை என்று மட்டும் உனக்குத் தெரியும். அது பெண் குழந்தை. எனக்கு அப்போது பதினேழு வயது. கான்வென்ட்டில் பதினோராம் வகுப்பு முடித்த கோடையில் கல்யாணம், அடுத்த கோடைக்குள் ஏழு மாதம். எனக்கும் முகம் உப்பியது. எனக்கும் பூசிய உடம்பு என்றுதான் சொன்னார்கள். ஒரு காலையில் தலைவலி தாங்கவில்லை, கண் முன்னால் வெள்ளை வெள்ளையாய் ஏதோ மின்னியது, அதற்குப் பிறகு வலிப்பு வந்ததாம். எனக்கு நினைவில்லை. நினைவு வந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். என் இரண்டு கையும் வெறுங்கையாக இருந்தன. வீங்கிய கையில் ரத்தம் ஓடவில்லை என்று, ஒவ்வொரு வளையலுக்கு அடியிலும் துணியைச் செருகி நர்ஸ் உடைத்து எடுத்தார்களாம். என் மாமியார் என் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். குழந்தைக்காக அழுகிறார் என்று நினைத்தேன். “வளையலை உடைச்சுட்டாங்களே, வளையலை உடைச்சுட்டாங்களே” என்று அழுதுகொண்டிருந்தார். குழந்தையை எனக்குக் காட்டவில்லை. தலையில் முடி நிறைய இருந்தது என்று உன் அப்பா பல வருஷம் கழித்துச் சொன்னார்.

போகியன்று காலை, புகை இன்னும் தெருவை விட்டு நகராத நேரத்தில், நந்தினி பின்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “பெரியம்மா, தல வெடிக்கிற மாதிரி வலிக்குது. புகையா இன்னான்னு தெரில, கண்ணுல மின்னி மின்னி பூச்சி பறக்குது” என்றாள். அவள் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், வளையல் அசையவில்லை. கலாவை ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்யச் சொல்லிவிட்டு, உன் அப்பாவின் பாக்குவெட்டியை எடுத்துவந்தேன். நீரில் நனைத்த துணியை அடியில் செருகி ஒவ்வொன்றாக உடைத்தேன். “ஐயோ, வேணாம்மா, நீங்க உடைக்காதீங்க” என்று கலா கத்தினாள். ‘நீங்க’ என்ற சொல்லில் அவள் கொடுத்த அழுத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் உடைத்து முடித்தேன். தெருவில் பேசும் கதை அங்கேதான் பிறந்தது.

ஊருக்குப் போகும் வண்டிகளால் ஜி.எஸ்.டி. ரோடு நிரம்பியிருந்தது. பெருங்களத்தூர் வந்ததும் ஆம்புலன்ஸ் நின்றுவிட்டது. நான் ஃபோன் செய்ததும் நீ பஸ்களுக்கு இடையில் ஓடிவந்து ஏறினாயே, அந்த உன் முகத்தை நான் மறக்கவில்லை. வண்டியில் இருந்த பையன் வயது கேட்டான். “பத்தொம்பது” என்றாள் கலா. நீ என்னைப் பார்த்தாய். சொல்லாதே என்று அந்தப் பார்வைக்குப் பொருள். நான் “பதினாறு” என்றேன். அவன் உடனே முன்னால் திரும்பி டிரைவரிடம், “அண்ணா, பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாம், நிக்காத” என்றான். என் மேல் உன் கோபம் அங்கேதான் தொடங்கியது. அந்த வயது ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏறி, போலீஸ் கேஸாகவும் ஆயிற்று.

ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். கோபமாகத்தான் பேசினாள். “முதல் பிரசவம், இந்த வயசு, உடம்புல ரத்தமே இல்லை. இவளுக்கு பிரஷர் ஏறும்னு மொதல்லயே கண்ணு வெச்சிருக்கணும் பாட்டி. இவளே இன்னும் வளந்துகிட்டு இருக்கா. சாப்பிடறது இவளுக்கே பத்தாது, இதுல உள்ள இருக்கறதுக்கு எங்கேர்ந்து போகும்? மூணு வாரம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா மருந்து குடுத்துக் கொஞ்ச நாள் தள்ளியிருக்கலாம்” என்றாள். பிறகு அந்தக் கையைப் பார்த்து, “வளையலை எடுத்தது நல்லதாப் போச்சு, ஊசி போட நரம்பு கிடைச்சுது” என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விட்டாள். அவளைக் காப்பாற்ற வேண்டுமானால் குழந்தையை அன்றே வெளியே எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். ஆண் குழந்தை. கண்ணாடிப் பெட்டியின் ஓட்டை வழியே சுதா விரலை நீட்டியபோது அவன் அதைப் பிடித்துக்கொண்டான். நீ பார்த்தாய், நானும் பார்த்தேன். சுதா அப்போது எழுப்பிய சத்தத்தை இன்னும் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாட்டுப் பொங்கலன்று அவன் போய்விட்டான். நீ வராந்தாவில் என்னிடம் வந்து, “உனக்கு இப்பத் திருப்தியாம்மா?” என்று கேட்டாய். உன்னைப் பெற்றதிலிருந்து நீ என்னிடம் சொன்ன எதுவும் இப்படி வலித்ததில்லை. அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். இல்லை, ரகு. என் பேரன் போய்விட்டான். எனக்கு எதில் திருப்தி இருக்க முடியும்?

அவர்கள் நந்தினிக்கும் குழந்தையைக் காட்டவில்லை. மூன்றாம் நாள் நான் அவள் கட்டிலருகே இருந்தேன். அவள் சட்டை நனைந்திருந்தது. பால் சுரக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. “பெரியம்மா, இது எப்ப நிக்கும்?” என்று மட்டும் கேட்டாள்.

உங்கள் துக்கத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. வீட்டுக் கடன், நீ வெளிநாட்டில் இருந்த வருஷங்கள் என்று தள்ளிக்கொண்டே போனீர்கள். நாள் போகிறது என்று எனக்குத் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. மருமகளிடம் அதைக் கேட்கும் மாமியார்களில் நானும் ஒருத்தியாக மாட்டேன் என்று இருந்துவிட்டேன். தாமதமானால் கிடைப்பது கஷ்டம் என்பதை நீங்கள் உடம்பால் கற்றுக்கொண்டீர்கள். அதிலிருந்து, சீக்கிரமே வந்தால் எல்லாம் சுலபம் என்று நாம் எல்லோரும் நாமாகவே முடிவு செய்துகொண்டோம். பதினாறில் கரு நிற்பது சுலபமாக இருக்கலாம். அதைச் சுமந்து, பெற்று, எழுந்து நடப்பதற்கு அந்த உடம்பு இன்னும் தயாராகவில்லை. எனக்கு அது பதினேழு வயதிலேயே தெரியும். தெரிந்தவளே பேசாமல் இருந்தேன்.

என் முதல் குழந்தை போன பிறகு, ஒரு வருஷம்கூட ஆகாமல் என் மாமியார் அடுத்ததைக் கேட்க ஆரம்பித்தார். உன் அப்பா தன் அம்மா எதிரில் நின்று, “இவளுக்கு உடம்பு தேறணும், நாங்க மெதுவாப் பாத்துக்கறோம், இப்ப வேண்டாம்” என்றார். அம்மாவின் பேச்சைத் தட்டாத மனிதர் அவர். அதற்காக அந்த வீட்டில் அவர் கேட்ட ஏச்சு கொஞ்சமில்லை. மலடி என்று என்னைச் சொன்னபோதும் அவர் வார்த்தையை மாற்றவில்லை. நான் டீச்சர் டிரெயினிங் முடித்தேன், வேலைக்குப் போனேன், இருபத்தாறில் உன்னைப் பெற்றேன். நல்ல எடையோடு, நல்ல குரலோடு பிறந்தாய். ஒரு ஆண் ஒரு முறை “வேண்டாம்” என்று சொன்னதால் பிறந்தவன் நீ. இதை உன் அப்பா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். தன்னைப் பற்றிப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. போன வாரம் கலா பாத்திரம் கழுவிக்கொண்டே, “கேஸ் முடியட்டும்மா. அதுக்குள்ள இவளுக்கு பதினெட்டு ஆயிடும். அடுத்தது சுதாக்காவுக்குத்தான், நான் சொன்னா சொன்னதுதான்” என்றாள். உன்னிடம் சொன்னாளா என்று கேட்டேன். “சொன்னேனே. ரகு அண்ணன் ஒண்ணும் சொல்லல, தலய குனிஞ்சிகினு போயிட்டாரு” என்றாள். நந்தினி பக்கத்தில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா வெளியே போனதும் என்னிடம் வந்து, “பெரியம்மா, அண்ணன் கேட்டா நான் எப்டி மாட்டேன்னு சொல்றது? அவங்க கல்யாணத்துக்கு எனக்கு பாவாட எடுத்துக் குடுத்தாங்க” என்றாள். அவளுக்கு இப்போதுதான் பதினேழு. டாக்டர் மாதாமாதம் வரச் சொல்லியிருக்கிறார். இன்னும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஜூனில் பிளஸ் ஒன் சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். நீ தலையைக் குனிந்துகொண்டு போனதைக் கலா வீட்டில் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீயும் சுதாவும் குழந்தையை வளர்க்க வேண்டும். அது என் ஆசையும்தான். முறைப்படிப் பதிவு செய்து, காத்திருந்து, தத்து எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு காலம் ஆனாலும் நான் இருந்து பார்த்துக்கொள்வேன், இல்லாவிட்டாலும் என் ஆசீர்வாதம் இருக்கும். இந்தப் பெண்ணிடமிருந்து மட்டும் வேண்டாம். என் மேல் உனக்குக் கோபம் இருந்தால் இருக்கட்டும். வளையலை நான்தான் உடைத்தேன் என்று ஊரே சொல்லட்டும். நீ இங்கே வராவிட்டாலும் பரவாயில்லை, அதற்கும் நான் பழகிக்கொள்வேன்.

எனக்கு நீ பதில் எழுத வேண்டும். ஃபோனில் அனுப்பாதே, நந்தினியிடம் நான் காட்ட வேண்டியது உன் கையெழுத்து. அவள் பெயரை எழுதி, அவளிடமிருந்து எந்தக் குழந்தையும் உங்களுக்கு வேண்டாம் என்று எழுது. நீயும் சுதாவும் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

அம்மா